பிடித்து வைப்பது சுலபம்

சுங்கத் துறையில் ஒரு சரக்கை விட்டதற்காக மெமோ வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிடித்து வைத்ததற்காக மெமோ வாங்கிய ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. இறக்குமதிக் கொள்கை பற்றி டெல்லியிலிருந்து வரும் சுற்றறிக்கைகளில் வணிகத்துக்கு வசதி, சட்ட அமலாக்கம், நாட்டின் பாதுகாப்பு என்று மூன்றும் வரிசையாக நிற்கும். துறைமுகத்தில் கையெழுத்துப் போடுகிற அதிகாரியின் மனதில் நான்காவதாக ஒன்றும் இருக்கும்: தன் பென்ஷன். அதைச் சேர்க்காமல் மற்ற மூன்றையும் பற்றிப் பேசினால் பேச்சு நன்றாக இருக்கும், சரக்கு நகராது.

எண்பதுகளின் கடைசியில் சரக்கைப் பரிசோதிக்கும் எக்ஸாமினராகச் சேர்ந்தேன், பிறகு மதிப்பீடு செய்யும் அப்ரெய்சர் ஆனேன். சர்வீஸில் பெரும்பகுதி சென்னையில்தான்: ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ், துறைமுகம், மணலி, எண்ணூர் பக்கத்துச் சரக்கு நிலையங்கள். நான் சேர்ந்தபோது பெரும்பாலான பொருள்களை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும், வரியும் வானத்தைத் தொட்டது. 1991-92 பட்ஜெட்டில் உச்ச வரியை 150 சதவீதமாகக் ‘குறைத்தார்கள்’ என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் பர்மா பஜார். நாங்கள் உள்ளே தடுத்ததெல்லாம் வெளியே நடைபாதையில் விற்பனைக்கு இருந்தது. அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனோம். யாரும் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

சென்னையில் கன்டெய்னர் முனையம் 1983லேயே வந்துவிட்டது. ஆனால் எங்கள் கைப்பழக்கம் மரப்பெட்டிக் காலத்துப் பழக்கமாகவே இருந்தது. எல்லாச் சரக்கையும் ஏதோ ஓர் அளவுக்குத் திறந்து பார்க்க வேண்டும். ‘பத்து சதவீதம் பரிசோதிக்கவும்’ என்று, இறக்குமதியாளர் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியின் பின்னால் எழுதி வரும். எந்தப் பத்து சதவீதம்? கன்டெய்னர் கதவைத் திறந்ததும் கிளியரிங் ஏஜென்ட்டின் பையன் கூலியாட்களிடம் சைகை காட்டுவான், வாசல் பக்கத்து அட்டைப் பெட்டிகள் நான்கைந்து கீழே இறங்கும். பிரித்துப் பார்த்தால் இன்வாய்ஸில் சொன்னது சொன்னபடி இருக்கும். என்னைப் பழக்கிய மூத்த அப்ரெய்சர் ஒருநாள் சொன்னார்: “கதவுப் பக்கம் இருக்கறது நமக்குக் காட்டறதுக்குப்பா. உள்சுவர்ப் பக்கம் இருக்கறதுதான் அவனுக்கு வேண்டியது.” எல்லாவற்றையும் திறந்தோம் என்றுதான் ஏட்டில் இருக்கும். உண்மையில் எல்லாவற்றின் வாசலையும் பார்த்தோம்.

முழுக்க இறக்கிப் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் ஒருமுறை சி.எஃப்.எஸ். எனப்படும் சரக்கு நிலையத்துக்கு வந்து நிற்க வேண்டும். நாற்பதடிப் பெட்டி ஒன்றை முழுக்க இறக்கி, பார்த்து, திரும்ப ஏற்ற ஒரு பகல் போய்விடும். கூலி இறக்குமதியாளர் தலையில். உடைந்தது, நனைந்தது, காணாமல் போனது எல்லாம் அவர் தலையில். அடுக்கியபடி திரும்ப அடுக்கவும் வராது, கடைசியில் கொஞ்சம் வெளியே மிஞ்சும். ஒரு நாளில் துறைமுகத்துக்கு வருகிற ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு இதைச் செய்ய முடியாது என்பது கடத்துகிறவனுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

திறக்காமலே தெரிந்துகொள்ளும் வித்தை ஒன்று இருக்கிறது. தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். தரை டைல்ஸ் என்று ஒரு இருபதடிக் கன்டெய்னர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸில் எடைதான் முதலில் நிறையும். பெட்டியில் பாதி உயரம்கூட வந்திருக்காது, அதற்குள் 27 டன்னைத் தொட்டுவிடும். அப்படி ஒன்று பதினைந்து டன்னுக்குள் நின்றால் அதில் டைல்ஸ் மட்டும் இல்லை, அல்லது டைல்ஸே இல்லை. அப்படி வந்த ஒரு பெட்டியில் முன்வரிசை டைல்ஸுக்குப் பின்னால் வெளிநாட்டு சிகரெட் இருந்ததை நாங்கள் எடுத்தோம். அதைக் காட்டிக்கொடுத்தது எடைச்சீட்டு. 2016 ஜூலையிலிருந்து கப்பலில் ஏறும் ஒவ்வொரு பெட்டிக்கும் சரிபார்த்த எடை கட்டாயம் என்று சர்வதேசக் கடல்சார் விதி வந்தது. கப்பல் கவிழாமல் இருக்க வந்த விதி அது. எங்களுக்கு அது ஓர் உளவாளியைப் போல வேலை செய்தது. இதேபோல, எந்த ஊரில் ஏற்றினார்கள், வழியில் எந்தத் துறைமுகத்தில் இறக்கி ஏற்றினார்கள், சரக்கின் விலையைவிடக் கப்பல் வாடகை அதிகமாக இருக்கிறதா, இதே ஆள் போன வருடம் என்ன கொண்டுவந்தார் என்பதையெல்லாம் கப்பல் கரைக்கு வருமுன்பே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

2005ஆம் ஆண்டுக் கடைசியில் ரிஸ்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம் வந்தபோது அது இதைத்தான் செய்யப்போகிறது என்று சொன்னார்கள். எந்த பில் நேராக வெளியே போகலாம், எதை மேசையில் சரிபார்க்க வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்று கணினி பிரிக்கும். கூடவே கண்ணை மூடிக்கொண்டு சிலவற்றையும் எடுக்கும், யாரும் கணக்குப் போட்டுத் தப்பிவிடக் கூடாது என்பதற்காக. எங்களில் பலருக்குக் கோபம். அனுபவம் வீணா என்று கேட்டார்கள். எனக்கும் சந்தேகங்கள் இருந்தன, ஆனால் ஒரு விஷயத்தில் நிம்மதி. விட்டது நானில்லை, இயந்திரம் என்று முதல்முறையாகச் சொல்ல முடிந்தது. அந்த ஒரு நிம்மதியால்தான் பாதிச் சரக்கு வேகமாக நகர ஆரம்பித்தது என்பது என் கணிப்பு.

பாதுகாப்பு என்று வரும்போது கதை வேறு. வரி ஏய்ப்பு கைதவறிப் போனால் பின்னால் நோட்டீஸ் கொடுத்து வசூலிக்கலாம். வெடிகுண்டுக்குப் பின்னால் நோட்டீஸ் கொடுக்க முடியாது. 2004 செப்டம்பரில் காஸியாபாத் பக்கம் ஓர் எஃகு ஆலையில், இறக்குமதியான இரும்புக் கழிவுக்குள் இருந்த ஷெல் வெடித்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். போர் நடந்த நாடுகளின் கழிவு அது. அடுத்த வாரங்களில் நாட்டின் பல இடங்களில் ஸ்கிராப் குவியல்களிலிருந்து ஷெல்கள் வந்துகொண்டே இருந்தன. அப்போது ஸ்கிராப் கன்டெய்னரைத் திறக்கச் சொன்னால் எல்லோருக்குமே கை கொஞ்சம் தயங்கும்.

அதற்கு அரசு செய்த ஏற்பாடு இன்றும் எனக்குச் சரியாகப் படுகிறது. துண்டு துண்டாக நறுக்கப்பட்ட ஸ்கிராப் என்றால் ஒரு வழி. நறுக்காமல் முழுசாக வந்தால், ஏற்றுகிற துறைமுகத்திலேயே பரிசோதனை நிறுவனம் ஒன்று வெடிபொருளும் கதிர்வீச்சும் இல்லை என்று சான்று தர வேண்டும், குறிப்பிட்ட துறைமுகங்களில் மட்டுமே இறக்க வேண்டும். நறுக்கிய இரும்புக்குள் ஷெல்லை ஒளிக்க முடியாது. சரக்கின் வடிவத்தை மாற்றச் சொன்னதே சோதனை போலாகிவிட்டது. சான்றிதழ்கள் பார்க்காமலே எழுதப்பட்டதும் உண்டு. அதனால் பின்னாளில் சோதனையின் படத்தையும் வீடியோவையும் சேர்த்துக் கேட்டார்கள். 2010இல் டெல்லி மாயாபுரி கழிவுக் கடை ஒன்றில் கோபால்ட்-60 கதிர்வீச்சில் ஒருவர் இறந்தபோது எல்லோரும் முதலில் துறைமுகத்தைத்தான் பார்த்தார்கள், இறக்குமதி ஸ்கிராப்பாகத்தான் இருக்கும் என்று. கடைசியில் அது டெல்லியிலேயே ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் ஏலத்தில் விற்ற பழைய கருவி.

பிடித்து வைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணத்தை எனக்குள் முழுசாக உடைத்தது பெய்ரூட். 2020 ஆகஸ்ட் 4. ஒரு கப்பலிலிருந்து இறக்கப்பட்ட 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட், கிட்டத்தட்ட ஆறு வருடம் துறைமுகக் கிடங்கில் கிடந்து வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஊரில் பாதி கண்ணாடி நொறுங்கியது. செய்தியில் எனக்கு உறைத்த வரி வேறு: அந்த ஊர்ச் சுங்க அதிகாரிகள் இதை என்ன செய்வது என்று நீதிமன்றத்துக்குப் பலமுறை கடிதம் எழுதியிருந்தார்கள். கோப்பில் அவர்கள் பத்திரமாகத்தான் இருந்திருப்பார்கள். அந்தக் கடிதங்களின் நகல் எப்படி இருந்திருக்கும், எந்த மேசையில் எவ்வளவு நாள் தூங்கியிருக்கும் என்று எங்கள் ஊர் அதிகாரி யாரும் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை.

ஏனென்றால் அதே வாரத்தில் மணலி செய்தி வந்தது. 2015இல் கைப்பற்றிய சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 கன்டெய்னர்களில், மணலியில் ஒரு சரக்கு நிலையத்தில் ஐந்து வருடமாக இருந்தது. எனக்கும் அந்த வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, மற்றவர்களைப் போலப் பத்திரிகையில்தான் படித்தேன். அது வெடிமருந்துச் சட்டத்தின் கீழ் 2012இல் தனி விதிகள் வந்துவிட்ட சரக்கு, அனுமதி பார்க்காமல் விட்டிருக்கவே கூடாது. எனவே பிடித்தது சரி. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி. நோட்டீஸ், பதில், விசாரணை, ஆணை, மேல்முறையீடு என்று காகிதம் தன் வழியில் நடக்க, பெட்டிகள் வெயிலிலும் மழையிலும் நின்றன. அபாயமான சரக்கை வழக்கு முடியும்வரை காக்க வைக்காமல் முன்னதாகவே அப்புறப்படுத்தச் சுங்கச் சட்டத்தின் 110ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது. பெய்ரூட்டுக்குப் பிறகு, அபாயச் சரக்கு எங்கெங்கே கிடக்கிறது, பத்திரமாக இருக்கிறதா என்று 48 மணி நேரத்துக்குள் பார்த்துச் சொல்லுமாறு மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியம் உத்தரவு போட்டது. மணலிச் சரக்கு அந்த மாதமே ஏலத்தில் எடுத்தவருக்குத் தவணை தவணையாக ஹைதராபாத் போனது. ஐந்து வருடத்தில் நகராதது சில வாரங்களில் நகர்ந்தது.

எந்தச் சி.எஃப்.எஸ்.ஸுக்குப் போனாலும் கடைசி வரிசையில் யாரும் வாங்க வராத பெட்டிகள் இருக்கும். காலாவதியான ரசாயனம், அழுகிய பழம், பழைய டயர், உடைந்த கணினிகள். முப்பது நாளில் எடுக்காவிட்டால் விற்றுவிடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. விற்பதற்கு யார்யாருடைய தடையில்லாச் சான்று வேண்டும் என்று பார்க்கப் போனால்தான் தெரியும் அந்த முப்பது நாளின் நீளம்.

தாமதம் இன்னொரு வேலையும் செய்யும். அது கொஞ்சம் அசிங்கமான வேலை. சரக்கின் விலை குறைவாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று அதிகாரி நினைத்தால், இன்வாய்ஸ் விலையை ஒதுக்கிவிட்டு வேறு விலை வைக்கலாம். நாங்கள் ‘லோட் பண்ணுவது’ என்போம். சட்டப்படி அதற்கு முதலில் நியாயமான சந்தேகம் வேண்டும், அதைச் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும், ஒப்புக்கொள்ளாவிட்டால் காரணம் எழுதி ஆணை போட வேண்டும். ஆனால் பெட்டி நின்ற ஒவ்வொரு நாளும் சி.எஃப்.எஸ். வாடகை ஒரு பக்கம், பெட்டியைத் திருப்பித் தராத நாட்களுக்குக் கப்பல் கம்பெனி கேட்கும் டிடென்ஷன் கட்டணம் இன்னொரு பக்கம் டாலரில் ஓடும். பாரிமுனைக்காரர் ஒருவர், சின்ன ஹார்டுவேர் வியாபாரி, என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“சார், எவ்வளவு வேணும்னாலும் லோட் பண்ணிக்குங்க. ஆர்டர் வேண்டாம். லெட்டர் குடுத்துடறேன். இன்னைக்குப் பெட்டி வெளிய போகணும்.”

“உங்க விலை சரின்னா எதுக்குங்க லெட்டர் குடுக்கறீங்க?”

“விலை சரிதான் சார். டிடென்ஷன் கட்ட முடியல.”

இப்படி வாங்கிய கடிதங்கள் எல்லாம் மாதாந்திரக் கணக்கில் கூடுதல் வருவாயாக ஏறும், பாராட்டும் கிடைக்கும். 2019 மே மாதம் அலுமினியம் கழிவு இறக்குமதி தொடர்பான ஒரு வழக்கில், இறக்குமதியாளர்களிடம் வாங்கிய இப்படிப்பட்ட கடிதங்களை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சந்தேகத்துக்குக் காரணம் வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது பாரிமுனைக்காரரைத்தான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன வழி, பி.டி. பாண்டு என்ற உறுதிப்பத்திரம் எழுதித் தற்காலிக மதிப்பீட்டில் சரக்கை எடுத்துக்கொண்டு போவது. சுங்கச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. வழக்கு இருக்கும், சரக்கும் போகும். ஆனால் பாண்டு முடிக்கிற வேலை பிறகு யாராவது செய்ய வேண்டுமே என்று பல அதிகாரிகள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

பெரிய கம்பெனிகளுக்கு இந்தப் பாடு இல்லை. நம்பகமான நிறுவனம் என்ற அங்கீகாரம், 2016இலிருந்து மூன்று படிகளில் ஏ.இ.ஓ., கிடைத்தால் பரிசோதனை குறைவு, வரியைப் பிறகு மொத்தமாகக் கட்டலாம், பெட்டி சி.எஃப்.எஸ். பக்கமே போகாமல் துறைமுகத்திலிருந்து நேராகத் தொழிற்சாலைக்குப் போகலாம். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்து கார் தொழிற்சாலைகளில் உதிரிபாகம் சில மணி நேரம் தாமதித்தால் வரிசையே நின்றுவிடும், எனவே அது தேவைதான். குறை சொல்லவில்லை. ஆனால் நம்பிக்கையை ஆவணமாக மாற்றிக் காட்ட ஆள் வைத்துக்கொள்ளும் வசதி பாரிமுனைக்காரருக்கு இல்லை, அவரும் இருபது வருடமாக ஒழுங்காகத்தான் வரி கட்டியிருப்பார். மறுபக்கம், இறக்குமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. எண்ணை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதம் கொஞ்சம் பணம் வரும் என்று ஆதாரையும் பான் கார்டையும் கொடுத்துவிடுவார்கள், அந்தப் பெயரில் யாரோ கன்டெய்னர் கொண்டுவருவார்கள். சம்மன் அனுப்பினால் வருகிறவர் தையல்காரராக இருப்பார், கன்டெய்னரை வாழ்க்கையில் பார்த்திருக்கமாட்டார். கணினியில் அவர் பெயர் சுத்தமாக இருக்கும். இந்த ஆளை நேரில் பார்த்திருக்கக்கூடிய ஒரே நபர் கஸ்டம்ஸ் புரோக்கர், அதாவது கிளியரிங் ஏஜென்ட். கட்சிக்காரரை விசாரித்து உறுதிசெய்வது அவர் கடமை என்று விதியே இருக்கிறது, தவறினால் லைசென்ஸ் போகும். ஸ்கேனருக்குச் செலவழிக்கிற கவனத்தில் கொஞ்சம் இதற்கும் போனால் நல்லது.

அமலாக்கம் என்று நாங்கள் வியர்வை சிந்துவதில் எவ்வளவு பங்கு வரிவிகிதமே உண்டாக்கிய வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தங்கத்துக்கு 2013 ஆகஸ்டில் வரி 10 சதவீதம் ஆனது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில், தங்கத்தை ஒளித்துக் கொண்டுவரும் ‘குருவிகள்’ திரும்ப வந்தார்கள். 2022இல் 15 சதவீதத்துக்குப் போனது, 2024 ஜூலை பட்ஜெட்டில் 6 ஆகக் குறைந்தது. எந்த அதிகாரியும் எத்தனை ராத்திரி விழித்திருந்தாலும் ஒரு பட்ஜெட் வரி செய்கிற அளவு செய்ய முடியாது. பாக்கும் அப்படித்தான். 100 சதவீத வரி, அதோடு 2018இலிருந்து கிலோவுக்கு 251 ரூபாய் குறைந்தபட்ச விலை, 2023இல் அது 351. உள்ளூர் விவசாயிக்காகத்தான், மறுக்கவில்லை. ஆனால் இலங்கையுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000இலிருந்து இருக்கிறது, எனவே இந்தோனேசியப் பாக்கு இலங்கைச் சான்றிதழோடு வர ஆரம்பித்தது. சான்றிதழ் உண்மையானதாகவே இருக்கும், முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருக்கும். பாக்கு எந்த மரத்தில் காய்த்தது என்பது மட்டும் பொய். அந்த நாட்டுக்கு எழுதிக் கேட்டால் பதில் வர மாதங்கள் ஆகும், அதற்குள் பாக்கில் பூஞ்சை. 2020 செப்டம்பரில் வந்த விதி, எங்கே விளைந்தது, எப்படி வாங்கினாய் என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. தெரிந்தவனிடம் கேள் என்பது நல்ல விதி.

என் கடைசி வருடங்களில் ஃபேஸ்லெஸ் மதிப்பீடு வந்தது. 2020 ஜூன் 8, முதலில் பெங்களூரும் சென்னையும், இயந்திரங்களுக்கும் மின்சாதனங்களுக்கும். அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுக்க, எல்லாச் சரக்குக்கும். சென்னையில் இறங்குகிற சரக்கின் பில்லை வேறு ஊரில் முகம் தெரியாத ஓர் அதிகாரி மதிப்பிடுவார். புரோக்கர் மேசைக்கு முன்னால் நிற்கிற காலம் முடிந்தது. ஊழலுக்கு அது பெரிய அடி, அந்த அளவில் வரவேற்றேன். ஆனால் எதிரில் ஆள் இல்லாதபோது அதிகாரிக்கு வருகிற முதல் யோசனை, ஒரு க்வெரி போடு. கேட்லாக் அனுப்பு. பதில் வந்ததும், இன்னும் தெளிவான கேட்லாக் அனுப்பு. ஐந்து நிமிடம் பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் தெரிகிற விஷயத்துக்கு நான்கு நாள் கேள்வியும் பதிலும். கடலில் வருகிற சரக்கை 48 மணி நேரத்துக்குள், விமானத்தில் வருவதை 24 மணி நேரத்துக்குள் விட வேண்டும் என்று தேசியத் திட்டமே இருக்கிறது. க்வெரி போட்டால் பந்து இறக்குமதியாளர் பக்கம் போய்விடும். தாமதம் அவருடையதாகிவிடும்.

இறக்குமதியாளர்களும் யோக்கியர்கள் என்று சொல்லமாட்டேன். கப்பல் வருமுன்பே பில் தாக்கல் செய்யலாம் என்று எத்தனை காலமாகவோ இருக்கிறது. தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய், மூன்று நாள் தாண்டினால் 10,000 என்று 2017இல் கட்டணம் போட்ட பிறகுதான் பலர் அசைந்தார்கள். 2021இல் சட்டத்தையே மாற்றி, கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாளே தாக்கல் செய்யச் சொன்னார்கள். மதிப்பீடு முடிந்தும் வரி கட்டாமல் பெட்டியைக் கிடங்கு மாதிரி துறைமுகத்தில் வைத்துக்கொள்கிறவர்களை நான் அறிவேன். எல்லாம் முடித்து பெட்டி வெளியே வந்தாலும் எண்ணூர் சாலை டிரெய்லர் வரிசை ஒன்று இருக்கிறது. அதற்கு எந்த ரிஸ்க் மேனேஜ்மென்ட்டும் உதவாது.

துறைமுக டாக்ஸில் பொறுப்பில் இருந்தபோது ஒரு நோட்டு வைத்திருந்தேன். நிறுத்தி வைத்த ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி: எதற்காக நின்றது, எதை எதிர்பார்த்து நிற்கிறது, பதில் யாரிடமிருந்து வர வேண்டும். வாரம் ஒருமுறை என் கீழ் இருந்தவர்கள் அதில் எழுத வேண்டும். அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது கட்டத்தில் ‘நாம்தான்’ என்று அடிக்கடி எழுத வேண்டியிருந்ததுதான் காரணம்.

தணிக்கைக்கு வருகிறவர்கள் விட்ட பில்களைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். நிறுத்திய பில்களிலும் ஒரு கட்டு எடுத்து, எந்தச் சந்தேகத்தில் நிறுத்தினாய், கடைசியில் என்ன கிடைத்தது, அதற்கு எத்தனை நாள் ஆனது என்று அதே கடுமையோடு கேட்கலாம். புதுச் சட்டம் வேண்டாம், புது மென்பொருள்கூட வேண்டாம். தேதிகளெல்லாம் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன.